மிலிட்டரி கோவிந்தராசு வீட்டு முகமூடிகள்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மிலிட்டரி கோவிந்தராசு இறந்துவிட்டார் என்று பால்காரர் வந்து சொன்னபோது, நான் என் பழைய இரும்புக் கடையில் மண்ணெண்ணெய்ப் புனலை மூக்கில் கவிழ்த்துக்கொண்டு அவரைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். புனலை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அரியலூரில் அவரைத் தெரியாதவர் குறைவு. அவர் வீட்டுக்குள் போனவர் அதைவிடக் குறைவு. உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விஷவாயு முகமூடி, காயத்துக்குக் கட்டும் துணிப் பொட்டலம், கண் கழுவும் குப்பி என்று அந்தக் காலத்துச் சாமான் எது வந்தாலும் என்னிடம் வாங்கிப் போவார்.

"இத மாட்டிக்கிட்டு எந்த ஊருக்குங்க பொண்ணு பாக்கப் போறீங்க?" என்பேன்.

"உன் மூஞ்சிக்குத்தான்யா இது அவசியம்" என்பார். கிளம்பும்போது, "ஒருநா வூட்டுக்கு வாய்யா. எல்லாம் தொடச்சு அடுக்கி வச்சிருக்கேன்" என்பார். பத்து வருஷம் கூப்பிட்டார்.

போபாலில் விஷவாயு கசிந்ததை ரேடியோவில் சொன்ன வாரம், நம் ஊருக்கும் அப்படி வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஊரே அவர் வாசலில் நின்றது. நானும் அன்றுதான் போனேன். சலவைச் சட்டை போட்டிருந்தார். எல்லாருக்கும் காபி கலந்துகொண்டிருந்தார்.

"எம்புள்ளைக்கு ஒன்னு குடுங்கய்யா" என்று ஓர் அம்மா கேட்டாள்.

"ரப்பர் இத்துப்போச்சும்மா. உள்ள காத்த வடிகட்டுற கரியும் செத்துப்போச்சு. இது காப்பாத்தாது."

நான் அவர் காதோரம், "சும்மா இருங்க. காப்பாத்தும்னு சொன்னா நாளைக்கும் வருவாங்க" என்றேன்.

"வருவாங்க. அப்புறம் இத நம்பி நிப்பாங்களேய்யா."

அரை மணியில் வாசல் காலி. கலந்து வைத்த எட்டு டம்ளர் காபியையும் நாங்கள் இருவருமே குடித்தோம். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

ஜெயங்கொண்டத்திலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்து கொள்ளி வைத்தார். மொட்டையும் போடவில்லை, மீசையும் எடுக்கவில்லை. ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

என்னிடம் இருப்பது அவர் வீட்டிலிருந்து எடுத்து வந்த ஒரு முகமூடியும், "இது காப்பாத்தாது" என்று அவர் சொன்ன குரலும்தான். போன வாரம் கடையில் ஆளில்லாதபோது முகமூடியை மாட்டிப் பார்த்தேன். வெயிலுக்கு ரப்பர் இளகி மீசையில் ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் ஒரு பக்கம் போயிற்று. மறுபக்கத்தை சலூனில் எடுத்தார்கள். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும், "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன்.