ஏற்காட்டு இறக்கத்தில் ஒரு பிரேக் சோதனை

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினோம். என்னுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே இருக்கைகள். ஒன்றில் நான், மற்றொன்றில் என் மனைவி வளர்மதி. அவள் மடியில் இட்லிக் கூடை, முகத்தில் பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க வந்தவரின் கடுமை. ஏற்காட்டுக்கு ஊரே ஏரியைப் பார்க்கப் போகிறது, படகில் ஏறப் போகிறது. நாங்கள் போனது திரும்ப இறங்குவதற்காக.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்துத் தொழில் செய்பவன். நாற்பத்தெட்டு வயதில் இந்தக் காரைப் பழசாக வாங்கி, கோவைப் பக்கம் உள்ள பந்தயத் தடத்தில் அவ்வப்போது ஓட்டுகிறேன். அங்கே எங்களுக்குப் போட்டியும் கிடையாது, பரிசும் கிடையாது. கட்டணம் கட்டினால் சொந்த வண்டியை ஆசை தீர விரட்டலாம், அவ்வளவுதான். போன முறை நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். மிதி சேற்றில் கால் வைத்தது போல உள்ளே போய்விட்டது. வண்டி தடத்தை விட்டு விலகி, சரளைக் கற்களில் புதைந்து நின்றது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த வளர்மதிதான் ஊர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் பேசினாள். "ஒண்ணு பிரேக்கைச் சரி பண்ணுங்க, இல்லீன்னா வண்டிய வித்துப்போடுங்க. சரியாயிருச்சுன்னு நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். ஏற்காட்டுல இருந்து என்னையப் பக்கத்துல உக்கார வெச்சு இறக்கிக் காட்டோணும்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் பட்டறையிலேயே கிடந்தேன். விரட்டி ஓட்டி அடிக்கடி மிதித்தால் பிரேக் தட்டு அடுப்பில் வைத்த தோசைக்கல் போலக் காய்ந்துவிடும். அந்தச் சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழ் கட்டும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் குமிழ்தான் நசுங்குமே தவிர வண்டி நிற்காது. ஆகவே முன்பக்கப் பனி விளக்குகள் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஓட்டைகளிலிருந்து பக்கத்துக்கு ஒரு குழாயாக இழுத்து, இரண்டு பிரேக் தட்டுகளின் நடுவிலும் குளிர்ந்த காற்று போய் அடிக்கும்படி செய்தேன். மெதுவாகப் போகும்போதும் காற்று வர வேண்டுமே என்று குழாய்க்குள் சின்ன மின்விசிறி வைத்தேன். காற்றைக் குழாயில் அடைத்து வேலை வாங்குவதுதான் எங்கள் தொழிலே. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை.

எட்டு மணி வாக்கில் சேலத்தைத் தாண்டி அடிவாரம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. கார் உற்சாகமாக ஏறியது. பத்தாவது வளைவுக்கு மேல் மஞ்சு இறங்கி, சாலையோரத்து மூங்கில்கள் நிழல்களாகத் தெரிந்தன. வளர்மதி சன்னலைத் திறக்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. எதிரே வந்த பேருந்துகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏற்காட்டுக் கடைவீதியில் காபி குடித்தோம், இரண்டு பேருக்கு ஐம்பது ரூபாய். காபியின் மணம் தெருவெல்லாம் இருந்தது. பூக்கடையில் நூற்றெண்பது ரூபாய்க்குக் கனத்த செண்டுமல்லி மாலை ஒன்றை வளர்மதி வாங்கினாள். அங்கிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போய், மாலையைச் சாமிக்குச் சாத்தி வாங்கிக் கும்பிட்டுவிட்டு வந்ததும், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள், சூடம் கொளுத்தினாள், மாலையை வண்டியின் முகத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டினாள். மாலையின் இரு நுனிகளும் சரியாக என் காற்று ஓட்டைகளின் மேல் தொங்கின.

வலது பக்க நுனியை யதேச்சையாகச் செய்வது போல மேலே தூக்கிச் செருகினேன். இடது பக்கம் போவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"சாமிக்குப் போட்ட மாலைங்க. அதை ஏனுங்க நோண்டறீங்க? எறங்கற நேரத்துல அவுக்காதீங்க."

அவள் அபசகுனம் என்று நினைத்துவிட்டால் சோதனை தொடங்கும் முன்பே தோற்றுப்போவேன். கையை எடுத்துக்கொண்டேன். ஒரு மாலை என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். கியரைக் குறைத்து, இன்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்கி இறங்குவதுதான் மலையில் முறை. அன்று சோதனை நாள். மூன்றாவது கியரிலேயே வைத்து, எல்லாப் பாரத்தையும் வேண்டுமென்றே பிரேக் மேல் போட்டேன். இருபதாவது வளைவு, பத்தொன்பது, பதினெட்டு. பிரேக் கல்லைப் போல நின்று பிடித்தது. "பாத்தியா?" என்றேன். "ரோட்டைப் பாருங்க," என்றாள்.

பதினைந்தாவது வளைவில் மிதித்தபோது ஸ்டியரிங் தானாக வலது பக்கம் இழுத்தது. சாலையின் மேடு பள்ளமாக இருக்கும் என்று நினைத்தேன். பதினான்கிலும் இழுத்தது, இன்னும் அழுத்தமாக. இடது சக்கரம் பிடிக்கவில்லை, வலதுதான் தனியாக வண்டியைப் பிடிக்கிறது என்று உறைத்த நேரத்தில் கருகல் வாடை உள்ளே வந்தது. எதிரே மஞ்சுக்குள்ளிருந்து சேலம் பேருந்தின் முகம் மட்டும் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதி பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது, காரின் மூக்கோ பேருந்தை நோக்கித் திரும்பியது.

பயந்துவிட்டேன். அதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இடது பக்கம் முறுக்கிப் பிடித்து, காலைத் தூக்கித் தூக்கிப் பிரேக்கைக் குத்தினேன். இரண்டாவது கியருக்குத் தள்ளினேன், இன்ஜின் அலறியது. பேருந்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு எங்களை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. பிறகு முதல் கியர், கைப்பிரேக். அடுத்த வளைவுக்கு முன்னால் மலையை ஒட்டிக் கொஞ்சம் அகலமான மண் தரை இருந்தது. அதில் உருட்டி நிறுத்தினேன்.

இடது முன்சக்கரம் புகைந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த ஜீப் ஒன்று நின்றது. கிளியூர்க்காரர், எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றுகிறவர், பெயர் சின்னராஜ். பெரிய தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்கண்ணா, நொம்பச் சூடாயிருச்சுங்க. தண்ணி ஊத்துனா சட்டுனு ஆறிப்போகும்."

"ஊத்தாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் அவர் கேனைக் கீழேயே வைத்துவிட்டார். "இரும்பு இப்ப இருக்கிற சூட்டுக்குத் தண்ணி பட்டா வெடிச்சுருங்க. தானா ஆறட்டும்."

"அப்படீங்களா? எங்க ஜீப்புக்கு நான் ஊத்தறதுதானுங்களே," என்று அவர் சந்தேகத்தோடே சொன்னார். ஆனாலும் போகவில்லை. மேலே வளைவில் நின்று, வருகிற வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

கையோடு கொண்டுவந்திருந்த, தொடாமலே சூடு காட்டும் வெப்பமானியைச் சக்கரத்துக்கு நேரே பிடித்தேன். வலது தட்டு இருநூற்றுப் பத்து டிகிரி. இடது நானூற்று எழுபது. குனிந்து இடது ஓட்டைக்குள் கையை விட்டேன். மாலையின் நுனியை விசிறி உறிஞ்சி இழுத்திருந்தது. நார் இறக்கைகளைச் சுற்றி இறுகியிருக்க, குழாய் முழுக்கச் செண்டுமல்லி அடைத்துக்கொண்டிருந்தது. கை கையாக அள்ளி வெளியே போட்டேன்.

வளர்மதி இறங்கி வந்து பார்த்தாள். "நான் போட்ட மாலைங்களா?"

"உன் மாலையேதான்," என்றேன். உயிர் பிழைத்தவனுக்கு அடக்கம் வர வேண்டும். எனக்கு வந்தது வாதத்தில் ஜெயித்த சந்தோஷம். "பிரேக்குல ஒரு குறையும் இல்ல மதி. வலது பக்கத்தைப் பாரு, எப்படி ஆறியிருக்கு! மாலை இல்லீன்னா இதுவும் அப்படித்தான் இருந்திருக்கும்."

அவள் கீழே கிடந்த பூக்களைப் பார்த்தாள், பிறகு ஓட்டையைப் பார்த்தாள். "ஏனுங்க, ஒரு மாலைக்கே அடைச்சுக்கற ஓட்டை. தடத்துல நீங்க நூத்தம்பதுல போறப்ப ஒரு கேரி பேக் பறந்து வந்து அப்புச்சுன்னா?"

முன்னால் ஒரு துண்டு கம்பி வலை அடித்திருந்தால் போதும், மாலையும் உள்ளே போயிருக்காது, கேரி பேக்கும் போகாது. பட்டறையில் எத்தனையோ நேரம் அந்த ஓட்டையைப் பார்த்து நின்றிருக்கிறேன். காற்று எப்படி உள்ளே வரும் என்று மட்டுமே யோசித்திருக்கிறேன்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். குரங்குகள் இட்லிக் கூடையைக் குறிவைத்து வந்து உட்கார்ந்தன. கொதித்த எண்ணெயை வெளியேற்றி, கையோடு கொண்டுவந்திருந்த புது எண்ணெயை ஊற்ற வேண்டும். அது ஒருவர் செய்கிற வேலையல்ல. ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தடியில் படுத்து, எண்ணெய் வெளியேறும் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். வளர்மதி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். நான் மண்ணில் படுத்தேன்.

"அமுத்து. அப்படியே புடி. இப்ப விடு. அமுத்து."

"மெத்து மெத்துனு போகுதுங்க."

"அதுதான் குமிழ். இன்னொருக்கா."

திருகாணியில் மாட்டிய சின்னக் குழாயில் எண்ணெய் நுரைநுரையாக வந்தது, பிறகு தெளிந்து வந்தது. மேலேயிருந்து அவள் குரல் கேட்டது. "இப்ப கெட்டியா நிக்குதுங்க." அவளுடைய பாதத்துக்கே அது தெரிந்துவிட்டதில் எனக்கு அத்தனை நிம்மதி. விசிறியில் சுற்றிய நாரை அறுத்தேன், அது மறுபடி சுழன்றது. சின்னராஜுக்குக் கைகொடுத்து அனுப்பிவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு ஓட்டுநர் கதவருகே போனேன். அவள் இறங்கவில்லை.

"நான் ஓட்டறேன். நீங்க அந்தப் பக்கம் வாங்க."

ஊரில் எங்கள் குடும்பக் காரை அவள்தான் ஓட்டுகிறாள், எனக்குக் குறைவில்லாமல் ஓட்டுவாள். ஆனாலும் மலை, மஞ்சு, என் வண்டி. "ரெண்டாவது கியர்லயே இறக்கு," என்றேன்.

"சோதனைன்னா சோதனைங்க," என்று மூன்றாவதைப் போட்டாள்.

பதிமூன்றாவது வளைவிலிருந்து ஒன்றாவது வளைவுவரை நான் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சேலம் நகரம் முழுவதும் கீழே தெரியும் இடங்கள் உண்டென்பார்கள். நான் பார்த்தது சாலையின் நடுக்கோட்டையும், இடது பக்கம் பள்ளத்தை மறைத்த குட்டைச் சுவரையும்தான். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் 'இப்போது மிதி' என்று நான் நினைத்ததற்குச் சற்றுப் பிறகுதான் அவள் மிதித்தாள். ஒவ்வொரு முறையும் வண்டி நேராக, அடக்கமாக நின்று திரும்பியது. ஒரு லாரி எங்கள் பாதிச் சாலையையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தபோது கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் நிதானமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

அடிவாரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தி, வெப்பமானியை அவளே எடுத்துப் போய்ப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூடு.

"விக்க வேண்டாங்க," என்றாள். "வலைய அடிச்சுப்போட்டுத் தடத்துக்குப் போங்க."

ஒரு மாதமாகக் காத்திருந்த தீர்ப்பு. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கதவைத் திறந்து காலை எடுத்தேன், வலது கெண்டைக்கால் மரத்துப்போய் வர மறுத்தது. என் பாதத்துக்குக் கீழே இருந்த ரப்பர் விரிப்பு, முன்னால் தள்ளப்பட்டு வெறும் தகரத்தில் முட்டிச் சுருண்டு கிடந்தது. வளர்மதி குனிந்து அதைப் பார்த்தாள். அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

"அந்தப் பக்கம் பிரேக் இல்லீங்க," என்றாள். "பத்தொம்பது வருசமா நானும் அமுத்திப் பாத்துட்டேன்."