அந்தப் பக்கம் பிரேக் இல்லை

தீயணைப்பு வண்டியில் முன்பக்கத்து இடது இருக்கை குழுவின் பொறுப்பாளருக்கு உரியது. வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். வண்டியைக் கழுவுவதற்காக வெளியே நிறுத்தியிருக்கும்போதுகூட அதில் ஏற மாட்டார்கள். அந்த இருக்கையில் நான் பல வருடங்கள் போய் வந்திருக்கிறேன். ஒரு நாளாவது நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேனா என்று கேட்டால், இல்லை. வலது பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது.

அவர் கலகெதர என்ற ஊர்க்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்த முஸ்லிம் மனிதர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கண்டிக்கு வெளியே இருந்த ஒரு சிறிய தீயணைப்பு நிலையத்தில் நாங்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம்.

சிவப்பு வண்டியில் போகிற எல்லாருக்கும் ஒரே வேலை என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குழாயைத் தூக்கிக்கொண்டு நெருப்புக்குள் போகிறவர்கள் தீயணைப்பாளர்கள். அவர்களுக்குப் பொறுப்பாக முன்னால் போகிறவரை லீடிங்மேன் என்போம். சாரதி வண்டியை ஓட்டிப் போனதும் வேலை முடிந்துவிடாது. இறங்கி வண்டியின் பக்கத்திலேயே நின்று பம்பை இயக்க வேண்டும். உள்ளே போன ஆட்களின் குழாயில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நெருப்பு எவ்வளவு பெரிதானாலும் அவர் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. இவர்களைத் தவிர, நிலையத்திலேயே இருந்து டெலிபோன் எடுக்க ஒருவர் வேண்டும். சாரதிகளுக்கு ஒரு தனி வழி. அந்த வழியில் போனவர் கடைசிவரை சாரதிதான். லீடிங்மேன் ஆவது தீயணைப்பாளரும் டெலிபோன்காரரும்தான்.

பயிற்சிக் காலத்தில் நானாதான் எல்லாவற்றிலும் முதல். தண்ணீர் நிரம்பிய குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் ஏறும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். எங்களுக்கெல்லாம் மூச்சு வாங்கும். "நெருப்புக்குள்ள போறதுக்குத்தான் தம்பி நான் இந்த வேலைக்கு வந்த. இல்லாட்டி வாப்பாட கடையிலயே ஈந்திருப்பேன்" என்பார்.

நிலையத்துக்கு இன்னொரு சாரதி தேவைப்பட்டபோது நாங்கள் பெரிய சேர் என்று அழைக்கும் நிலையப் பொறுப்பதிகாரி என்னைத்தான் முதலில் பார்த்தார். என்னிடம் ஏற்கனவே லைசன் இருந்தது. பேராதனையிலிருந்து கலஹா போகும் பாதையில் பழக அனுப்பினார்கள். அன்றைய பயிற்சிக்குப் பொறுப்பாகப் பழைய சாரதி என் பக்கத்தில் இருந்தார், நானாவும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் இருந்தார்கள். ஒரு வளைவில் மேலிருந்து பஸ் ஒன்று இறங்கி வந்தது. அதைப் பார்த்ததும் பயந்து பிரேக்கை முழுவதும் மிதித்தேன். வண்டியைப் பாதைக்கு நடுவில் நிறுத்திவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஒரு பக்கம் மண்திட்டு. மறுபக்கம் கீழே தேயிலை.

பஸ் கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினார். "என்னா தம்பி, பயர் வண்டிய நிப்பாட்ட ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா? நெருப்பு இங்கயா பத்துது?"

பஸ்ஸே சிரித்தது. பழைய சாரதி என்னைத் திட்டத் தொடங்கியபோது நானா பின்னாலிருந்து இறங்கி வந்தார். "தம்பி, அங்கால தள்ளுங்க" என்று ஏறி உட்கார்ந்து, பின்பக்கச் சக்கரம் மண்திட்டில் உரச உரச வண்டியைப் பின்னால் எடுத்து, பஸ்ஸுக்கு வழிவிட்டார். வாப்பாவின் கடை லொறியை ஓட்டிய பழக்கம்.

அன்று பின்னேரம் அவரே பெரிய சேரிடம் போய், தான் சாரதியாகப் போவதாகச் சொன்னார். என்னிடம் வந்து, "ஒரு வருஷம் ஓட்டுறேன். பொறகு வேற ஆள் வரும். நீங்க டெலிபோனுக்குப் போங்க, ஒங்களுக்கு அதுதான் செரி" என்றார். நான் மறுக்கவில்லை. நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. தப்பித்தேன் என்றுதான் இருந்தது.

டெலிபோன் எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் எனக்குக் கூச்சம். டெலிபோனில் முகம் இல்லை. நானாவும் வண்டியோடு போய்விடுவதால், தேயிலைத் தோட்டங்களிலிருந்து தமிழில் அழைப்பவர்களுக்குப் பதில் சொல்ல என்னை விட்டால் அங்கே ஆளும் இல்லை.

"சார், லயத்து வீடெல்லாம் பத்திக்கிச்சுங்க! சீக்கிரம் வாங்க!"

"எந்தத் தோட்டம்?"

"எங்க தோட்டந்தாங்க!"

இப்படிப் பேசுகிறவரிடம் தோட்டத்தின் பெயர், டிவிசன், வண்டி போகக்கூடிய பாதை எது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கப் பழகினேன். அதைச் சிங்களத்தில் சுருக்கமாக எழுதிக் குழுவிடம் கொடுக்கவும் பழகினேன். எழுதி எழுதி என் சிங்களம் திருந்தியது. லீடிங்மேன் பரீட்சை வந்தபோது அந்தச் சிங்களம் கைகொடுத்தது. நான் லீடிங்மேன் ஆனேன்.

நானாவுக்குப் பதிலாக வருவார் என்றிருந்த அந்த வேற ஆள் பல வருடங்களாக வரவில்லை. ஒரு வருடம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவர், அதே ஸ்டியரிங்கில் இருந்தார். நான் அவருக்கு இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் நாள் வண்டி வளைவில் திரும்பியபோது என் வலது கால் தன்பாட்டில் தரையை அழுத்தியது. அடுத்த வளைவிலும் அழுத்தியது. நானா பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அந்தப் பக்கம் பிரேக் இல்ல, சேர்."

பின்னால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த சேர் என்ற சொல் எனக்கு முள்ளாகக் குத்தியது. ஆட்கள் இருக்கும்போது அவர் அப்படித்தான் கூப்பிடுவார். தனியே இருக்கும்போது மட்டும் தம்பி.

நெருப்பை அணைத்துவிட்டு வெளியே வரும்போதெல்லாம் பம்பின் பக்கத்தில் நின்றபடியே ஒரே கேள்வியைக் கேட்பார்.

"உள்ள எப்படி ஈந்திச்சு, தம்பி?"

எனக்குப் பேச்சு வராது. "பெருசா ஒண்ணுமில்ல நானா, கூரைதான் போயிருச்சு" என்பேன். அவர் விடமாட்டார். எந்தப் பக்கத்தால் போனீர்கள், நெருப்பு மேலே போனதா, பக்கவாட்டில் போனதா, சத்தம் எப்படி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்பார். ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தன வருஷமா பயர்ல வேல. நெருப்ப நான் கிட்டத்துல பார்த்ததே இல்ல, தம்பி. எனக்குப் பொகை மட்டும்தான்."

பிறகு ஒரு வாய்ப்பு வந்தது. வேறோர் உப நிலையத்தில் லீடிங்மேன் இடம் ஒன்று காலியானது. தீயணைப்பாளராகச் சேர்ந்து பிறகு சாரதியானவர்களையும் அதற்கு எடுக்கலாம் என்றார்கள். ஆனால் நிலையப் பொறுப்பதிகாரி அவரை விடுவிக்கச் சம்மதிக்க வேண்டும். நானாவின் வயதுக்கு அது கடைசித் தடவை. அதற்குப் பிறகு வாய்ப்பே இல்லை.

அவர் என்னிடம் எந்த உதவியும் கேட்டவர் இல்லை. அன்று கேட்டார். "பெரிய சேர் ஒங்களக் கூப்புட்டுக் கேப்பார். என்னப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்த செல்லுங்க, தம்பி."

"இத நீங்க சொல்லணுமா நானா" என்றேன்.

பெரிய சேர் கூப்பிட்டார். அவர் சிங்களவர், நல்ல மனிதர், யாரிடமும் உரத்துப் பேசாதவர். அவர் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தேன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத நான் அன்று பேசினேன். மழைக்குள், கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாதையில், ஓரம் இடிந்து விழுந்துகொண்டிருக்கும்போது நானா வண்டியைப் பின்னால் கொண்டுவந்ததைச் சொன்னேன். பம்பின் சத்தத்தைக் கேட்டே தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று சொல்லுவார் என்றேன். அவர் வெளியே நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் நாங்கள் உள்ளே போகிறோம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பெருமையாக இருந்தது. நண்பருக்காக இவ்வளவு பேசுகிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய சேர் முழுவதையும் கேட்டார். பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால், அவரை அனுப்பிவிட்டு நீ யாரோடு மலைக்குப் போவாய்?"

அப்போதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது. நான் புகழ்ந்ததெல்லாம் சாரதியை. லீடிங்மேனாகக் கூடியவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பயிற்சியில் அவர் முதலாவதாக வந்ததைச் சொல்லவில்லை. ஒவ்வொரு நெருப்பையும் என்னிடம் கேட்டுக் கேட்டு அவர் மனதுக்குள் அணைத்துப் பார்த்ததைச் சொல்லவில்லை.

அதை அந்த நிமிடத்திலும் சொல்லியிருக்கலாம். புதிதாக வந்திருந்த சாரதியோடு போவேன் என்று ஒரு வரி போதும். அந்தப் பொடியன் வளைவுகளில் பிந்திப் பிரேக் பிடிப்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மலைப்பாதையில் ஏறுவதை நினைத்தேன். மேசைக்குக் கீழே என் கால் தரையை அழுத்தியது.

"சரி, விளங்குகிறது" என்றார் பெரிய சேர்.

வெளியே நானா வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே பளபளத்த கண்ணாடி.

"செல்லினீங்களா?"

"சொன்னேன் நானா. நல்லாத்தான் சொன்னேன்."

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் பின்னால் மன்னிப்புக் கேட்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

அந்த இடத்துக்கு வேறொருவர் போனார். பெரிய சேரே நானாவைக் கூப்பிட்டுக் காரணம் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு. உன் லீடிங்மேன் உன்னை இப்படிப் புகழ்ந்த பிறகு உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை என்றாராம். நானா நேராக என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"மிச்சம் நல்லாச் செல்லீக்கிறீங்க, தம்பி. கொஞ்சம் கொறச்சுச் செல்லியிருக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு பெரிய சேரிடம் மறுபடி போக எனக்கு ஒரு மாதம் எடுத்தது. புதிய சாரதியோடு போகிறேன் என்றேன். "இப்போதா?" என்று என்னை வியப்பாகப் பார்த்தார். "அங்கே ஆள் வந்து வேலையும் தொடங்கியாயிற்றே."

நானா அதற்குப் பிறகும் அப்படியே வண்டி ஓட்டினார், அப்படியே பகிடி விட்டார். வீட்டிலிருந்து பெருநாள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். ஒன்று மட்டும் நின்றுபோனது. நான் நெருப்பிலிருந்து வெளியே வரும்போது அவர் கேட்பதில்லை. பம்பை நிறுத்துவார், குழாயைச் சுருட்டக் கைகொடுப்பார். "ஏறுங்க, போவோம்" என்பார். உள்ளே எப்படி இருந்தது என்று கேட்பாரா என்று நான் கரி படிந்த முகத்தோடு அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டும் நின்றிருக்கிறேன். அவர் கேட்கவே இல்லை.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம், காலை நேரத்தில், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் விறகுக் கொட்டில் எரிகிறது என்று அழைப்பு வந்தது. நான் புதிய சாரதியைக் கூப்பிட்டு, இன்றைக்கு நீ ஓட்டு, பம்பையும் நீயே பார் என்றேன். நானாவுக்கு இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டு, நான் பின்னால் ஏறினேன்.

"என்னா தம்பி இது? அது ஒங்கட சீட்டு."

"ஏறுங்க நானா. நேரம் போகுது."

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் பகிடி பண்ணவில்லை.

நாங்கள் போவதற்குள் தோட்டத்து ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நெருப்பைப் பெரும்பாலும் அணைத்துவிட்டார்கள். உள்ளே விறகு அடுக்குகளுக்கு நடுவில் கங்கு மட்டும் மிச்சம் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் இதையா இவருக்குக் கொடுக்கிறேன் என்று. நானா குழாயை எடுத்துத் தோளில் போட்டார். பயிற்சிக் காலத்தில் போட்டது மாதிரியேதான் போட்டார். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். "தண்ணி தெற!" என்று அவர் குரல் கொட்டிலுக்குள்ளிருந்து கேட்டது. நான் பம்பின் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து புகை மட்டும்தான் தெரிந்தது.

அவர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. மூக்கு நுனியில் கரி.

"உள்ள எப்படி இருந்திச்சு, நானா?" என்று கேட்டேன்.

அவர் புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "சூடா ஈந்திச்சு" என்றார். போய் இடது பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

திரும்பி வரும்போது புதிய சாரதி வழக்கம்போல வளைவுகளில் பிந்தித்தான் பிரேக் பிடித்தான். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். நானாவின் வலது கால் ஒவ்வொரு வளைவிலும் வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பிரேக் இல்லை என்று சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டிய நேரம் அது. எனக்கு வாய் வரவில்லை.