ஸ்டாப்பை மட்டும்தான் மாற்றினாள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்று வந்தது நியாயமான கோபம்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். மத்திகிரியில் என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே தொழிற்சாலையில்தான், அசெம்பிளியில் வேலை. மாசமாக இருந்தாள். டாக்டர் சொன்னதால் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருந்தார்கள். பாகலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனவள், கம்பெனி ஆப்பில் பஸ் ஸ்டாப்பை மாற்றினாள். மறுநாளே நின்றுகொண்டு செய்யும் லைனில் போட்டுவிட்டார்கள். மதியம் கேன்டீனில் வீங்கிய காலோடு என்னிடம் வந்தாள்.

"நா ஸ்டாப்பு மட்டும்தானேக்கா மாத்துனேன்? ஸ்டூலு வேணாம்னு எப்ப சொன்னேன்? சூப்பர்வைசரக் கேட்டா, சிஸ்டத்துல இல்லீங்கறாரு."

போய் சிஸ்டத்தில் பார்த்தேன். அவள் தொடாத கட்டங்களையும் ஆப் ‘காலி’ என்று சேர்த்து அனுப்பியிருந்தது. சர்வரும், உட்கார்ந்து செய்யும் வேலை என்ற குறிப்பு உட்பட, பழைய விவரத்தை அழித்துவிட்டுக் காலியை எழுதிக்கொண்டது. ஒருத்தி வாய் திறக்காததை எல்லாம் வேண்டாம் என்றாள் என எடுத்துக்கொண்டால் உருப்படுமா?

என் டீம் லீடரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "எல்லா ஃபீல்டும் போனாதான் டேட்டா நீட்டா இருக்கும். அவங்களையே மறுபடி சர்டிபிகேட் குடுக்கச் சொல்லு. அடுத்த வாரம் சரியாயிடும்."

அடுத்த வாரம் வரை அந்தக் காலோடு அவள் நிற்க வேண்டுமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சார், கேட் வாசல் டீக்கடையில தினமும் ‘சக்கர கம்மி’ன்னு மட்டும்தான சொல்றீங்க? பால் போடச் சொல்லலையேன்னு மாஸ்டர் பாலில்லாம குடுத்தா சும்மா இருப்பீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, மாத்தித் தொல."

ஷிப்ட் முடிவதற்குள் மாற்றினேன். இனி, தொடாத கட்டம் அனுப்பும் விவரத்தில் வரவே வராது. வேண்டுமென்றே ஒருவர் அழித்தால்தான் ‘காலி’ என்று போகும். அவளுடைய பழைய விவரத்தையும் திரும்ப ஏற்றினேன். சின்ன வேலைதான், ஆனால் அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மா வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு ஸ்டாப் இருந்தது. ஆப்பில் அதற்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். பயந்தாள்.

"வேணாக்கா, இருக்கற ஸ்டூலும் போயிரும்."

"போகாது. நான் எழுதுனது. மாத்து."

மாற்றினாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக லைனுக்குப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்குரு முடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மேஜையைப் பிடித்து எழப் பார்த்தாள்.

"எந்திரிச்ச, கால ஒடிச்சிருவேன்" என்றேன். "உக்காருடி."