பரோட்டா எண்ணெயில் ஓடும் வள்ளம்

எங்கள் தூத்துக்குடிக் கடைகளில் பரோட்டாவை எண்ணெயில் முங்கவிட்டுப் பொரிப்பார்கள். மிஞ்சும் கறுத்த பாமாயிலைக் கேனில் வாங்கி வருவது நான். கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு வள்ளக்காரரைக் கட்டிக்கொண்டவள். அந்த எண்ணெயைக் காய்ச்சி ஈரம் போக்கி, பழைய வேட்டியில் வடித்தால் வள்ளத்து டீசல் என்ஜின் அதில் ஓடும் என்று அடித்துச் சொன்னேன். எங்களுக்கு இருந்ததோ ஒரே வள்ளம், ஒரே என்ஜின். அது கெட்டால் என் கணவர் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போக வேண்டியதுதான். அப்படியும் மனிதர் சம்மதித்தார்.

இரண்டு டாங்க் வைத்தோம். கிளம்பும்போது டீசல். என்ஜின் சூடானதும் எண்ணெய். நிறுத்தும் முன் மறுபடி டீசலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் குழாயிலேயே உறைந்துவிடும். படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

மார்கழியில் ஒரு விடியற்காலை மீன் கூட்டம் கண்ணில் பட்டிருக்கிறது. இரைச்சலில் மீன் கலைந்துவிடும் என்று உடனே என்ஜினை அணைப்பது எங்கள் ஆட்களுக்குக் கையோடு வந்த பழக்கம். இவரும் அணைத்துவிட்டார், எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தபடியே. வலையை விட்டு இழுத்து முடித்த பிறகு என்ஜின் கிளம்பவே இல்லை. இவருடைய அண்ணன் வள்ளம்தான் கயிறு கட்டி இழுத்து வந்தது.

கரையில் நல்ல கூட்டம். "ஏலே, ஒம் பொண்டாட்டிய அந்த எண்ணெயில வடை சுடச் சொல்லு. வள்ளம் என்ன அடுப்பாலே?" என்று அண்ணன் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எண்ணெய் மேல குத்தமில்லண்ணே. அவ சொன்னதக் கேக்காம அணைச்சது நாந்தான்" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

குழாய்களைக் கழற்றி டீசலில் கழுவினோம். "வலை விடுத எடம் வாரதுக்கு முன்னாலயே டீசலுக்கு மாத்துங்க. ஒரு ஜெபமாலை சொல்லி முடிச்சிட்டு அணைங்க" என்றேன்.

"அப்ப மீனுக்கும் சேத்து வேண்டிக்கிடுதேன்" என்றார்.

அதற்குப் பிறகு என்ஜின் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. போன வாரம் பக்கத்துத் தெரு வள்ளக்காரர் ஒருவர் வாசலில் நின்று, தன் என்ஜினையும் இப்படி மாற்றித் தர முடியுமா என்று இவரிடம் கேட்டார்.

"எங்கிட்ட கேட்டா? நான் வள்ளத்த ஓட்டுதவன். ஓட வைக்கிதவ உள்ள இருக்கா, அவகிட்ட கேளுங்க."

அடுப்படியில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும், "என்ன சொன்னீங்க?" என்று குரல் கொடுத்தேன். இன்னொரு தடவை சொல்லட்டுமே.