அம்மா போன விமானம்

என் தங்கை போர்ட் பிளேரில் இருக்கிறாள். அவள் கணவருக்கு அங்கே வேலை. தலைப்பிரசவத்துக்கு மந்தைவெளிக்கு வந்துவிடச் சொல்லி அம்மா எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தாள். வருகிறேன், வருகிறேன் என்று தள்ளிப்போட்டு, இனி விமானம் ஏறக் கூடாதென்று டாக்டர் சொல்லும்வரை அங்கேயே இருந்துவிட்டாள். அதனால் அம்மா கிளம்பினாள். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக.

"எம்மாந்தூரம் கீது?" என்று ஆட்டோவில் கேட்டாள்.

"ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. ரெண்டு மணி நேரம்தான்மா. நடுவுல வெறும் கடல்."

"கடல் மேலயேவா?" என்றவள் மீனம்பாக்கம் வரும்வரை ஆட்டோக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை.

அவளை உள்ளே அனுப்பிவிட்டுப் பெருங்குடி ஆபீசுக்குப் போனேன். வேலை ஓடவில்லை. விமானம் எங்கே பறக்கிறதென்று காட்டும் ஆப்பை மேஜைக்கடியில் பிடித்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். நடுக்கடலில் சிறிது நேரம் அந்த மஞ்சள் விமானம் திரையிலிருந்தே காணாமல் போனது. மீண்டும் தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. அந்நேரம் தங்கை கணவர் அழைத்தார்.

"அவளுக்கு வலி எடுத்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போறோம். இங்க பேய் மழை. அத்தை எப்ப இறங்குவாங்க?"

"இதோ, வந்துட்டாங்க" என்றேன்.

தீவுக்கு மேல் விமானம் ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம். பிறகு வந்த வழியே திரும்பிவிட்டது.

பாதி மீட்டிங்கில் எழுந்து மீனம்பாக்கத்துக்கு ஓடினேன். பிரசவ லேகியப் பையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா வெளியே வந்தாள். வலி எடுத்த விஷயம் அவளுக்குத் தெரியாது.

"மேகத்துக்கு நடுவுல பச்சையா கரை தெரிஞ்சிதுடி. அவ்ளோ கிட்ட போய்ட்டு திருப்பிக்கினு வந்துட்டான். நாளைக்கு காலீல வேற பிளேனாம்."

தங்கைக்கு வலி எடுத்ததைச் சொன்னேன். அவள் என் கையை உதறிவிட்டு, புறப்பாட்டு வாசலுக்கு நடந்தாள்.

"உள்ள வுடுப்பா! எம் பொண்ணு வலில துடிச்சிக்கினு கீறா!" என்றாள் காவலரிடம். தமிழ் தெரியாத அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். வெளியே, கார் நிறுத்துமிடத்தின் திட்டில் உட்கார்ந்தோம். வாங்கிக் கொடுத்த காபி ஆறியது. நான் எழுவதும் நடப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். வெயில் இறங்கும் நேரத்தில் தங்கை கணவரிடமிருந்து போன் வந்தது; ஸ்பீக்கரில் போட்டேன்.

"பொண்ணு பொறந்திருக்கா, அத்தை."

"எம் பொண்ணு எப்டி கீறா? அத சொல்லு மொதல்ல!"

நன்றாக இருக்கிறாள் என்று கேட்ட பிறகுதான் அழுதாள்.

மறுநாள் நான் ஆபீசுக்குப் போகவில்லை. அம்மா இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து அழைக்கும்வரை, கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"வந்துட்டேன். கொழந்த தூங்குது, கத்தாத" என்று கிசுகிசுத்தாள். பின்னால் என் தங்கை சிரிப்பது கேட்டது.