மகளைத் தண்ணீரில் இறக்கிவிட்ட நாள்

என் இளைய மகளுக்கு மூன்று வயதில் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு இரண்டு வருடமாக அவளை நான் ஓடவே விட்டதில்லை.

கோடை விடுமுறையில் எங்கள் ஊர் புதுக்கடையிலிருந்து குடும்பத்தோடு காளிகேசம் ஆற்றுக்குப் போனோம். மூத்தவள் ஆற்றில் இறங்கி மீன்குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் என் இடுப்பிலிருந்தபடி அவளையே பார்த்தாள்.

"அப்பா, நானும் எறங்கட்டா?"

நான் அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர் ஓடி விளையாடலாம்னு சொன்னாருல்லா," என்றாள் மனைவி. "இன்னும் எத்தன காலம் தூக்கிச் சுமப்பிய? அவளுக்குச் சொகமாயாச்சு. ஒங்க பயந்தான் மாறல்ல."

இறக்கிவிட்டேன். கணுக்காலளவு தண்ணீர்தான். கூழாங்கல் பொறுக்கினாள், ஒரு நண்டைத் துரத்தினாள், வழுக்கி விழுந்தாள். நான் பதறி எழுந்தபோது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் தானாகவே எழுந்தாள். முழங்காலில் கசிந்த ரத்தத்தைத் தண்ணீரில் கழுவிவிட்டு, மறுபடி நண்டைத் தேடிப் போனாள்.

பிறகு மூச்சிரைக்க ஓடிவந்து, என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். "அப்பா, எப்பிடி அடிக்கிது பாருங்க" என்று சிரித்தாள்.

அவள் தூங்கும்போதெல்லாம் அந்தத் துடிப்பு நின்றுவிடுமோ என்று காது வைத்துக் கேட்டவன் நான். அன்று அது அவ்வளவு வேகமாக அடித்தும், எனக்குப் பயம் வரவில்லை.