தண்ணீர் இறங்காத குழி

எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்கு செப்டிக் டேங்க் கட்ட, மண்ணைச் சோதிக்க ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், நிமிடத்துக்கொருமுறை மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பார். குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, அளவுக்குச்சியை நட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொண்டார். ஒரு மணி நேரமாகியும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை; இறங்கினால்தான் டேங்க் கட்ட அனுமதி. எங்களுக்கு வேறு இடமும் கிடையாது. வயசுக்கு வந்த என் மகள் இனியும் கழிப்பறைக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

“எறங்குதுன்னு எழுதிக் குடுத்துடுண்ணா,” என்று கெஞ்சினேன்.

“எழுதிடலாம்மா. மழ பேஞ்சா அல்லா கலீஜும் ஒன் வூட்டுக்குள்ளதான் வரும். அப்பால இன்னா பண்ணுவே?”

நான் அழுதுவிட்டேன். அவர் பொழுது சாயும்வரை குழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இறங்கவில்லை’ என்று எழுதினார். அதை முதல் மணி நேரத்திலேயே எழுதியிருக்கலாம். ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று இன்னமும் யோசிக்கிறேன்.